கவிதையும் தோற்கருவியும்

ஜோலார்ப்பேட்டைக்கு அருகே பொன்னேரியில் தொடங்கி ஏலகிரி மலைமேல் ஏறும் பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் தமிழ்ப் புலவர்களின் பெயர்களையும் கடையெழு வள்ளல்களின் பெயர்களையும் சூட்டிப் பலகை நட்டிருக்கிறார்கள். மலைப்பாதை ஒன்று இலக்கியத்தின் பெயரால் அறியப்படுவது சந்தோஷமான விஷயந்தான். ஆயினும் பாடின புலவரும் பரிசில் தந்த வள்ளலும் இடம்பெற்ற அந்த வரிசையில், இருவருக்கும் இடையே நின்று யாழை மீட்டியும் கிணையை அறைந்தும் பாட்டை ஊர் ஊராகச் சுமந்து சென்ற பாணனுக்கும் விறலிக்கும் பொருநனுக்கும் ஒரு வளைவும் ஒதுக்கப்படவில்லை. இது பலகை நட்டவர்களின் குற்றமன்று. நம் இலக்கிய சரித்திரம் எழுதினவர்கள் நெடுங்காலமாகப் பழகிவந்த வழக்கத்தையே அவர்களும் பின்பற்றினார்கள்.

அந்த வழக்கம் பழைய பாட்டுகளில் இல்லை. புறநானூற்றில் மாங்குடி கிழார் குடிகள் நான்கென எண்ணும்போது துடி கொட்டுபவனையும் பாணனையும் பறை அறைபவனையும் அந்த நான்கினுள் சேர்த்தே எண்ணுகிறார். பகையரசன் ஒருவன் அதியமானின் வலிமையைப் பற்றி விசாரித்தபோது, மன்றத்தில் தொங்கவிட்ட தோற்கருவியில் காற்று மோதி எழும் ஓசையைக் கேட்டாலே போர் வந்துவிட்டதென்று துள்ளியெழுகிற தலைவன் அவன் என்று ஔவையார் விடை சொல்கிறார். வீரத்தை அளப்பதற்கு அந்தப் புலவர் வாளையோ வேலையோ தேடாமல், காற்றில் அதிரும் ஒரு தோலைத் தேர்ந்துகொண்டதை நம் உரைகாரர்கள் போதுமான அளவு கவனித்ததாக எனக்குத் தோன்றவில்லை. இயல் என்றும் இசை என்றும் தமிழை வகுத்துக்கொண்டது ஆராய்ச்சிக்கு வசதியான ஏற்பாடு; அந்த வசதியே நாளடைவில் ஒரு மதிலாக எழுந்து, மதிலுக்கு இப்பால் கவிஞனும் அப்பால் கொட்டுக்காரனும் என்றாகி, இருவரும் ஒருவரையொருவர் முகம் பார்க்காமல் சில நூற்றாண்டுகள் கழிந்தன. மதிலைத் தாண்டின கவிஞர்கள் யார், தாண்டினபோது அவர்கள் எதைக் கொண்டுவந்தார்கள், அதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பவையே இங்கே விசாரிக்கப் புகும் விஷயங்கள்.

இந்த விசாரணைக்கு அளவுகோலாகக் கொள்ளத்தக்கவர் அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ். மிஸௌரி மாகாணத்து ஜாப்ளின் நகரில் பிறந்த இவருடைய பிறப்பாண்டு 1902 என்றே நெடுங்காலம் எழுதப்பட்டு, அண்மைக்கால ஆராய்ச்சியால் 1901 என்று திருத்தம் பெற்றிருக்கிறது. தாயும் தகப்பனும் பிரிந்துவிட, கான்ஸாஸ் மாகாணத்து லாரன்ஸ் நகரில் பாட்டி மேரி லாங்ஸ்டனின் மடியில் வளர்ந்தார். அந்த அம்மையாரின் முதற் கணவர், அடிமைத்தனத்தை ஒழிக்க ஜான் பிரௌன் 1859-இல் ஹார்ப்பர்ஸ் ஃபெரியில் நடத்திய கலகத்தில் கலந்துகொண்டு உயிர் நீத்தவர். அவருடைய குண்டு துளைத்த சால்வையைப் பேரனுக்குப் போர்த்தி, விடுதலைக்காகப் போராடினவர்களின் கதைகளை அந்தப் பாட்டி சொல்லி வளர்த்தார். புத்தகத்துக்கு முன்னால் குரல் வந்து சேர்ந்தது என்ற இந்த ஒரு செய்தி அவருடைய பின்வாழ்வு முழுவதையும் விளக்கப் போதுமானது.

கொலம்பியா சர்வகலாசாலையில் ஓராண்டு படித்துவிட்டு வெளியேறினார். 1923-இல் சரக்குக் கப்பலொன்றில் சிற்றாளாக ஆப்பிரிக்காவுக்குப் புறப்பட்டபோது, கையிலிருந்த புத்தகங்களைக் கடலில் வீசியெறிந்தார் என்று தாமே எழுதியிருக்கிறார். மறு ஆண்டு பாரிஸின் மோன்மார்த்ர் பகுதியில் கிராண்ட் டியூக் என்ற இரவு விடுதியின் சமையற்கட்டில் பாத்திரம் துலக்கும் வேலை. ஊரெல்லாம் அடங்கின பின்னிரவில், வேறு விடுதிகளில் வாசித்து முடித்த கறுப்பின வாத்தியக்காரர்கள் அங்கே வந்து கூடி, கூலிக்காக அன்றித் தங்களுக்காக விடியும்வரை வாசிப்பார்கள். கழுவுதொட்டிக்குப் பக்கத்தில் நின்று கேட்ட ஸங்கீதம் அது. ஸபையின் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டதன்று. 1925-இல் வாஷிங்டன் நகரத்து வார்ட்மன் பார்க் ஹோட்டலில் மேஜை துடைக்கும் பையனாக இருந்தபோது, அங்கே தங்கவந்த கவிஞர் வாச்சல் லிண்ட்ஸேயின் தட்டுக்கருகில் தம் கவிதைகள் மூன்றை வைத்துவிட்டு நகர்ந்ததும், லிண்ட்ஸே அன்றிரவே அவற்றைச் சபையில் படித்துக் காட்டியதும் பலரும் அறிந்த கதை. 1926 ஜனவரியில் அவருடைய முதல் தொகுதியான ‘தி வியரி புளூஸ்’ வெளிவந்தது.

புளூஸ் என்ற பாட்டுவகையின் அமைப்பை இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்; விஷயத்தின் கரு அதில்தான் இருக்கிறது. நான்கு எண்ணிக்கை கொண்ட 12 ஆவர்த்தங்கள் ஒரு சுற்று. அந்தச் சுற்றில் மூன்று அடிகள். முதலடியைப் பாடி, அதையே சிறிய மாறுதலுடன் மறுபடியும் பாடி, மூன்றாமடியில் விடை சொல்லி முடிப்பது வழக்கம். ஒவ்வோரடிக்கும் நான்கு ஆவர்த்தம் கிடைத்தாலும் குரல் அவற்றில் ஏறக்குறைய பாதியிலேயே நின்றுவிடும். மீதிப் பாதியில் கிதாரோ பியானோவோ எக்காளமோ பதில் சொல்லும். ஆகவே புளூஸ் அடியின் சரிபாதி, சொல்லற்ற இடம். நம் தெருக்கூத்தில் வேஷக்காரர் பாடிய அடியைப் பின்பாட்டுக்காரர்கள் வாங்கித் திருப்புவதையும், வில்லுப்பாட்டில் குடக்காரர் குறுக்கே புகுந்து ஆமோதிப்பதையும் கேட்டுப் பழகினவர்களுக்கு இது புரியாத சங்கதியன்று. ஹியூஸ் செய்த காரியம், வாத்தியம் நிரப்ப வேண்டிய அந்தச் சூனியப் பாதியைக் கூச்சமின்றி அச்சுத் தாளில் அப்படியே விட்டுவைத்தது. திருப்பிச் சொல்லும் அடியை, இலக்கியக் கண்ணுக்குக் ‘கூறியது கூறல்’ என்ற குற்றமாகப் படக்கூடியதை, அவர் திருத்தவில்லை. இரண்டாம் முறை சொல்லும்போது சொல் அதேயாக இருந்தும் சொல்பவன் அதே மனிதனாக இல்லை என்ற அனுபவ உண்மை அந்தத் திருப்பத்தில் அடங்கியிருக்கிறது.

அதற்கு அவர் பெற்ற வரவேற்பு ஒரே சீரானதன்று. அவருடைய சமகாலக் கறுப்பினக் கவிஞரான கௌண்டி கல்லன், ஜாஸ் பாணிக் கவிதைகள் உயர்ந்த இலக்கியத்தின் பந்தியில் உட்காரத் தகுதியுள்ளவைதாமா என்று மதிப்புரையிலேயே சந்தேகப்பட்டார். 1927-இல் இரண்டாம் தொகுதி வந்தபோது கறுப்பினப் பத்திரிகைகளே அதைக் குப்பை என்றும் சாக்கடை என்றும் ஏசின. வெள்ளையர் ஏசியிருந்தால் இனத்துவேஷம் என்று ஒதுக்கிவிடலாம். தம் சொந்த ஜனங்களிலேயே படித்து முன்னேறினவர்கள், சலவைக்காரிகளும் சூதாடிகளும் குடிகாரர்களும் பேசுகிற பேச்சைப் புத்தகத்தில் ஏற்றியதற்காகக் கோபித்ததுதான் கவனிக்கத்தக்கது. அவர்கள் வெறுத்தது ஜாஸின் ஓசையை அன்று; அந்த ஓசையோடு உள்ளே நுழைந்துவிடும் மனிதர்களை. ஹியூஸ் இதை முன்கூட்டியே உணர்ந்து, 1926 ஜூனில் ‘தி நேஷன்’ பத்திரிகையில் எழுதிய கட்டுரையில், கறுப்பினக் கலைஞன் ஏறிக் கடக்க வேண்டிய மலை வெள்ளையனைப் போல் ஆகிவிட வேண்டுமென்ற அவனுடைய சொந்த ஆசையே என்று வாதிட்டார். அந்தக் கட்டுரையைத் தமிழில் யாராவது நல்ல முறையில் மொழிபெயர்த்து நம் கல்லூரிகளில் வைக்கலாம்; பெயர்களை மாற்றினால் பல இடங்களில் நம் கதையாகவே படிக்கும்.

பிற்கால வாழ்வை விரைந்து சொல்லிவிடலாம். 1951-இல் வந்த நெடுங்கவிதைத் தொகுதியில் புளூஸின் ஒழுங்கை விட்டு, அப்போது புதிதாகத் தோன்றியிருந்த பீபாப் ஜாஸின் முறிவுகளையும் திடீர்த் திருப்பங்களையும் அடிகளுக்குள் புகுத்தினார். 1953-இல் கம்யூனிஸ்டுகளை வேட்டையாடின செனட்டர் மெக்கார்த்தியின் விசாரணைக் குழுவின் முன் நிறுத்தப்பட்டார். 1958-இல் தம் கவிதைகளை வாசித்து இசைத்தட்டாக வெளியிட்டார். ஒரு பக்கத்தில் பழைய பாணிக் குழுவினரும் மறு பக்கத்தில் சார்லஸ் மிங்கஸின் குழுவினரும் உடன் வாசித்திருக்கிறார்கள். முதற் பக்கத்தில் வாத்தியங்கள் கவிஞருக்கு மரியாதையாகப் பின்னால் நிற்கின்றன. மிங்கஸோ இடைமறிக்கிறார், மறுத்துப் பேசுகிறார், சில இடங்களில் கவிஞரை ஓரங்கட்டவும் துணிகிறார். இந்த இரண்டாம் பக்கமே சிறந்தது என்பது என் அபிப்பிராயம். இணங்கி வாசிக்கும் பக்கவாத்தியம் கவிதைக்கு அலங்காரம் மட்டுமே செய்யும். எதிர்த்து வாசிப்பதுதான் அதன் பலத்தைச் சோதிக்கும். 1967 மே 22-இல் ஹியூஸ் காலமானார். இறுதிச் சடங்கில் பிரசங்கத்தைவிட ராண்டி வெஸ்டனின் குழுவினர் வாசித்த ஜாஸ் பிரதானமாக இருந்தது.

இனி நம் பக்கம் திரும்புவோம். இந்த வடவார்க்காட்டுச் சீமையில் தாளத்தையும் கவிதையையும் பற்றிப் பேசப் புகுந்தால் அருணகிரிநாதரை முதலில் வணங்காமல் அப்பால் செல்ல முடியாது. திருவண்ணாமலையில் வாழ்ந்து, வள்ளிமலை போன்ற தலங்களைப் பாடி, இன்று 1,300-க்கும் மேல் கிடைக்கும் திருப்புகழ்ப் பாக்களை அருளிய அவரை, வடக்குப்பட்டு த. சுப்பிரமணிய பிள்ளை ஊர் ஊராக அலைந்து ஏடு தேடி 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அச்சேற்றத் தொடங்கியிராவிட்டால், நமக்குக் கிடைத்திருப்பது சிறு பகுதியாகவே இருந்திருக்கும். திருப்புகழைக் கேட்கும் நவீன ரசிகர்கள் சிலர், ‘இதுவும் ஜாஸ் போன்றதுதானே’ என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அது பாராட்டாகச் சொல்லப்பட்டாலும் பிழையான பாராட்டு. சந்தப்பா என்பது குறிலும் நெடிலும் வல்லினமும் மெல்லினமும் முன்னரே வகுத்த ஒரு குழிப்பில் அணுவளவும் பிசகாமல் அமைந்து, ஒவ்வொரு கலையும் தொங்கலில் வந்து இறங்குகிற ஒழுங்கின் உச்சம். ஜாஸ், அளவு ஒன்றை எல்லாரும் மனத்துக்குள் வைத்துக்கொண்டு, வாய்விட்டுச் சொல்லும்போது அதிலிருந்து வேண்டுமென்றே தள்ளிநிற்கிற கலை. நான்கு எண்ணிக்கையில் ஒன்றையும் மூன்றையும் விட்டு இரண்டிலும் நான்கிலும் அழுத்தம் விழுவதும், ஒரு எண்ணிக்கையை இரண்டாகப் பிளக்கும்போது முதற்பாதியைச் சற்றே நீட்டி மறுபாதியைக் குறுக்குவதும் அதன் உயிர்நாடிகள். கருநாடக ஸங்கீதத்தில் இதற்கு இணை தேடினால், சமம் கழிந்தபின் அரை இடமோ முக்கால் இடமோ தள்ளிப் பாட்டு எடுக்கும் அநாகத எடுப்பையும், சமத்துக்கு முன்பே முந்திக்கொள்ளும் அதீத எடுப்பையும், மிருதங்கக்காரர் தனி ஆவர்த்தனத்தில் கணக்கை மறைத்து மறைத்துக் கடைசியில் வெளிப்படுத்தும் கோர்வையையும் சொல்ல வேண்டும். இவை இசைக்காரரின் கைத்திறத்தில் இருந்தன. கவிஞரின் யாப்பில் இல்லை.

பாரதியார் இந்த மதிலில் ஒரு வாசல் திறந்தார். குயில் பாட்டில் ஏற்றப் பாட்டிலும் நெல்லிடிப்பவர் பாட்டிலும் சுண்ணமிடிப்பவர் பாட்டிலும் நெஞ்சைப் பறிகொடுத்ததாகக் குயிலைச் சொல்லவைத்தவர், கும்மியையும் சிந்தையும் கிளிக்கண்ணியையும் உயர்ந்த பொருளுக்கு வாகனமாக்கினார். ஆனால் அவருக்குப் பின் வந்த நவீனர்கள் வேறு வழியே போனார்கள். 1959 ஜனவரியில் சி. சு. செல்லப்பா ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கியபோது, ந. பிச்சமூர்த்தி முதலானோரின் புதுக்கவிதை யாப்பின் கட்டை உதறியதோடு பாட்டின் ஓசையையும் பெருமளவு உதறிவிட்டது. ஹியூஸ் மிங்கஸோடு இசைத்தட்டுச் செய்த மறு ஆண்டிலேயே, தமிழ்க் கவிதை காதை விட்டுக் கண்ணுக்குக் குடிபெயர்ந்தது! அதனால் நாம் பெற்ற லாபங்கள் பெரியவை. அவற்றை நான் மறுக்கவில்லை. பண்டித சந்தத்தின் இரைச்சலிலிருந்து தப்ப அவர்களுக்கு அந்த மௌனம் தேவைப்பட்டது. ஆனால் அந்த விடுதலையைத் தேடுகையில் அவர்கள் விட்மனையும் எலியட்டையும் படித்தார்களே ஒழிய, தெருவில் போகும் மேளத்தைக் கேட்கவில்லை.

ஜாஸ் நம் நாட்டுக்கு வரவில்லையா என்றால், வந்தது. ஏலகிரியின் அடிவாரத்திலுள்ள ஜோலார்ப்பேட்டையும் அரக்கோணமும் ஆங்கிலோ-இந்தியர் குடியிருந்த ரயில்வே ஊர்கள். அத்தகைய ஊர்களில் ரயில்வே இன்ஸ்டிடியூட் மண்டபத்து மரத்தரையில், கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் மேல்நாட்டு நடனமும் பாண்டு வாத்தியமும் நடந்தன. சென்னைக்கு 1958-இல் டேவ் புரூபெக் வந்து, மிருதங்க வித்வான் பழநி சுப்பிரமணிய பிள்ளையோடு சேர்ந்து வாசித்தார். 1963-இல் டியூக் எல்லிங்டன் தம் பெரிய குழுவோடு வந்தார். லய நுட்பத்தில் இருதரப்பு வித்வான்களும் ஒருவரையொருவர் உடனே அறிந்துகொண்டார்கள். அதிலிருந்து கிளைத்த கலப்பிசை இன்று உலகறிந்தது. ஆனால் இன்ஸ்டிடியூட் மண்டபத்தின் வாசலையோ ஸபாவின் வாசலையோ தாண்டி அது தமிழ்க் கவிதையை வந்து தொடவில்லை. காரணம் எளிது. ஹியூஸ் ஜாஸை ஒரு வாத்திய பாணியாகப் பெறவில்லை. அதைச் செய்த ஜனங்களுள் ஒருவராக இருந்து பெற்றார். தமிழ்க் கவிஞன் அதற்கு ஈடான ஒன்றைத் தேட வேண்டுமானால் எல்லிங்டனிடம் போக வேண்டியதில்லை. தன் ஊர்ச் சேரிக்குப் போக வேண்டும்.

அங்கே இருப்பது பறை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டி நீளும் இந்தத் தோல் சீமையில் அதைப் பற்றி எழுதும்போது ஒரு விசித்திரத்தைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. டேனரிக்குள் போகும் தோல் சுண்ணாம்பில் ஊறி, மயிர் நீங்கி, முற்காலத்தில் ஆவாரம் பட்டையாலும் இப்போது பெரும்பாலும் குரோமியத்தாலும் பதமாகிச் செருப்பாகவும் ஜோடாகவும் கடல் கடந்து போகிறது. பறைக்குப் போகும் கன்றுத் தோலோ அப்படிப் பதமாக்கப்படுவதில்லை. பதமான தோல் மிருதுவாகிவிடும், ஓசை எழாது. பச்சைத் தோலை உலர்த்தி, புளியங்கொட்டைப் பசை தடவி மரவளையத்தில் இழுத்து ஒட்டி, வாசிக்கும் முன் வைக்கோல் தீயில் காய்ச்சி விறைப்பேற்ற வேண்டும். ஒரு கையில் அடிக்குச்சி, மறு கையில் மெல்லிய சிண்டுக்குச்சி. முன்னது நடையை நிறுத்தும், பின்னது அந்த நடையோடு வழக்காடும். மூலதனத்தின் கைபட்ட தோல் ஏற்றுமதிச் சரக்காகிக் கௌரவம் பெற்றுவிட, அதே தோலைத் தீயில் காய்ச்சி முழக்கின கை மட்டும் தீண்டத்தகாததென்று ஒதுக்கப்பட்டதற்கு எந்தப் பொருளாதார சாஸ்திரத்திலும் நியாயம் கிடையாது.

இந்தக் கருவியையும் கவிதையையும் நம் காலத்தில் இணைத்தவர்களுள் கவிஞர் இன்குலாபையும், நாட்டார் வழக்காற்று ஆராய்ச்சியாளரும் பாடகருமான கே. ஏ. குணசேகரனையும் முதலில் குறிப்பிட வேண்டும். இன்குலாபின் ‘மனுசங்கடா’ என்ற பாட்டு குணசேகரனின் குரலில் மேடை மேடையாக ஒலித்ததனால், புத்தகத்தைத் தொடாத ஜனங்களையும் அடைந்தது. 1990-களில் எழுந்த தலித் இலக்கிய அலையில் நாகர்கோவிலைச் சேர்ந்த என். டி. ராஜ்குமார் மாந்திரீக உச்சாடனத்தின் வேகத்தைப் புதுக்கவிதைக்குள் ஏற்றினார். எழுத்து தலைமுறை மூடிய கதவை இவர்கள் பக்கவாட்டிலிருந்து தட்டினார்கள் என்று சொல்லலாம்.

கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தவர் இதே சீமைக்காரர். அரக்கோணத்தில் பிறந்து வளர்ந்து, பொறியியல் படித்து, அம்பேத்கரின் எழுத்துகளால் உரம்பெற்ற ராப் கவிஞர் அறிவு அவர். ஹியூஸுக்கு மேரி லாங்ஸ்டன் எப்படியோ, இவருக்குப் பாட்டி வள்ளியம்மாள் அப்படி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுக் கையில் நிலமின்றித் திரும்பின தலைமுறையின் குரல் அந்த அம்மையாருடையது. 1964-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது என்ற புள்ளிவிவரத்தை நாம் சரித்திரப் புத்தகத்தில் படிக்கிறோம். அத்தகைய பெயர்ச்சியின் துயரம் எந்த ராகத்தில் அழும் என்பதைப் பேரன் வீட்டிலேயே கேட்டு வளர்ந்தார்.

பா. ரஞ்சித்தின் முயற்சியாலும் இசையமைப்பாளர் டென்மாவின் அமைப்பாலும் உருவாகி, 2018 ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் முதற் கச்சேரி நிகழ்த்திய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவில் இவர் ஒருவர். கானாவும் ராப்பும் ராக்கும் பறையும் ஒரே மேடையில் கலந்த அந்தக் குழு தன் பெயருக்கு அடிப்படையாகக் கொண்டது அயோத்திதாசப் பண்டிதரின் சாதியற்ற தமிழர் என்ற கருத்தை. 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கிய பண்டிதரின் பௌத்த இயக்கத்துக்குக் கோலார் தங்கவயல் ஒரு வலுவான நிலைக்களமாக விளங்கியதும், அந்தச் சுரங்கங்களில் இறங்கி உழைத்தவர்களில் பெரும்பகுதியினர் வடவார்க்காட்டு ஜனங்களாக இருந்ததும் நினைவுகூரத்தக்கவை. ஆகவே அந்த மேடை திடீரென்று வானத்திலிருந்து குதித்ததன்று.

ராப் என்றவுடன் ஜாஸிலிருந்து வெகுதூரம் வந்துவிட்டோமே என்று வாசகர் நினைக்கலாம். தூரம் அதிகமில்லை. ஹியூஸ் 1929-இல் பட்டம் பெற்ற லிங்கன் சர்வகலாசாலையைப் பிற்காலத்தில் ராப்பின் முன்னோடிக் கவிஞர் கில் ஸ்காட்-ஹெரான் நாடிச் சேர்ந்ததற்கு ஹியூஸ் அங்கே படித்தவர் என்பதே காரணம். ஹார்லெமில் 1968-இல் தோன்றிய ‘லாஸ்ட் போயட்ஸ்’ குழுவினர் கொட்டு முழக்கத்தோடு கவிதை சொன்னார்கள். 1973 முதல் பிராங்ஸ் பகுதியில் உருவான ஹிப்-ஹாப், ஃபங்க், ஸோல் இசைத்தட்டுகளின் துண்டுகளையும் பிற்பாடு ஜாஸ் இசைத்தட்டுகளின் துண்டுகளையும் திரும்பத் திரும்பச் சுழலவிட்டு அதன்மேல் பேச்சை ஓட்டியது. பாட்டன் வழியாக வந்த சொத்து என்று இதைச் சொன்னால் தவறாகாது.

அறிவு அந்தச் சொத்தை நகலெடுத்திருந்தால் இங்கே பேச வேண்டிய அவசியம் இராது. தமிழில் ராப் பாடினவர்கள் முன்பே இருந்தார்கள். அவர்களில் பலர் ஆங்கிலத்தின் அழுத்தத்தைத் தமிழ்ச் சொல்லின்மேல் சுமத்தினார்கள். தமிழில் சொல்லின் கனம் பெரும்பாலும் தொடக்கத்தில் எதுகையிலும் மோனையிலும் விழுவது. ஆங்கிலத்தில் அது ஈற்று இயைபில் சென்று விழுகிறது. இசைத் தயாரிப்பாளர் ஓஃப்ரோவுடன் சேர்ந்து 2019-இல் வெளியிட்ட ‘தெருக்குரல்’ தொகுப்பில் அறிவு, ஈற்றியைபை விடாமலே எதுகையையும் மோனையையும் அடியின் தலையில் கட்டி, இரு முனையிலும் அடி விழுகிற ஒரு நடையைச் சமைத்திருக்கிறார். சிண்டுக்குச்சியும் அடிக்குச்சியும் செய்கிற வேலை அது. எல்லாப் பாட்டிலும் அது கைகூடியதென்று சொல்ல மாட்டேன். கோஷம் முன்னால் ஓடி, தாளம் பின்னால் மூச்சுவாங்கும் இடங்களும் உண்டு.

அவருடைய தனிச்சிறப்பு ஒப்பாரியைக் கையாண்டதில் இருக்கிறது. ஒப்பாரியின் அடிக்கு முன்னரே வகுத்த நீளமில்லை. மூச்சு எவ்வளவு தாங்குமோ அவ்வளவு நீண்டு, ஈற்றில் விளியிலோ விம்மலிலோ முறிந்து, கூடியிருப்பவர்கள் மாரடித்துக்கொள்ளும் ஓசை அந்த முறிவை நிரப்ப, அடுத்த அடி எழுகிறது. புளூஸ் அடியின் சொல்லற்ற பாதிக்கு நம்மிடம் ஈடு கேட்டால் இதையே காட்டுவேன். 2021 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் இசையில் தீயும் அறிவும் பாடி வெளிவந்து உலகெங்கும் பரவிய ‘எஞ்சாய் எஞ்சாமி’ பாட்டில், துள்ளும் நடையின் அடியில் ஒப்பாரி ஓடிக்கொண்டிருப்பதை, ஆடிக்கொண்டே கேட்டவர்களில் எத்தனை பேர் கவனித்தார்கள் என்பது சந்தேகம். துக்கத்தைத் துள்ளலுக்குள் பொதிந்து வைப்பதில் புளூஸ்காரர்கள் நிபுணர்கள். அரக்கோணத்துக் கவிஞர் அதைத் தம் பாட்டியிடமிருந்தே கற்றிருக்கிறார்.

விலை கொடுக்கும் கட்டமும் வந்தது. 2021 ஆகஸ்டில் ஓர் இசைப் பத்திரிகையின் அட்டையில் இந்தப் பாட்டை உடன் பாடிய தீயின் படம் வந்து அறிவின் படம் வராமற்போனதும், 2022 ஜூலையில் சென்னைச் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவரில்லாமல் பாட்டு மேடையேறியதும் பெரிய விவாதங்களாயின. பாட்டு யாருடையது என்பதில் கவிஞர் ஒன்றும் இசையமைப்பாளர் வேறொன்றுமாகப் பகிரங்கமாகவே பேசினார்கள். அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்வது என் வேலையன்று. ஆனால் கறுப்பர்களின் இசையை வணிக நாடக அரங்குகள் எடுத்து உருமாற்றிக் கொள்வதைப் பற்றி 1940-இலேயே ஹியூஸ் ஒரு கவிதை எழுதினார் என்பதை இந்த இடத்தில் குறிப்பிடுவது பொருத்தம். அச்சுக் கவிதைக்கு ஆசிரியன் யாரென்ற கேள்வி எழுவதில்லை. சொல்லும் மெட்டும் கொட்டும் பாட்டியின் அழுகையும் சேர்ந்து விளைந்த பாட்டில், பங்குரிமை இன்னதென்று வரையறுக்க நம் காப்புரிமைச் சட்டமும் தேறவில்லை, நம் விமரிசனமும் தேறவில்லை.

விமரிசகர்கள் இன்னொரு கேள்வி கேட்கிறார்கள்: கொட்டை நீக்கிவிட்டுத் தாளில் படித்தால் இது கவிதையாக நிற்குமா? இந்தக் கேள்வியை அருணகிரிநாதரிடம் யாரும் கேட்பதில்லை. கொட்டு அங்கே சொல்லுக்குள்ளேயே அச்சாகியிருப்பதால் கேட்கத் தோன்றவில்லை என்று சமாதானம் சொல்லலாம். இருந்தாலும் கேள்வி முற்றிலும் தவறானதன்று. அறிவின் பாட்டுகளில் சில தாளில் படிக்கும்போது மெலிந்துதான் தெரிகின்றன. ஆனால் மெலிவது கவிதையா, நம் அச்சு முறையா என்று பார்க்க வேண்டும். 1961-இல் ஹியூஸ் வெளியிட்ட ‘ஆஸ்க் யுவர் மாமா’ என்ற நெடுங்கவிதை, முந்தின ஆண்டு நியூபோர்ட் ஜாஸ் விழா கலவரத்தால் தடைப்பட்டபோது எழுதத் தொடங்கியது. அதன் 12 பகுதிகளிலும் பக்கத்தின் வலப்புறத்தில் தனிப் பத்தியாக, இன்ன இடத்தில் இன்ன வாத்தியம், இன்ன இடத்தில் மௌனம் என்று குறிப்புகள் ஓடுகின்றன. படிப்பவன் கண்ணை இடமிருந்து வலமாக ஓட்டும்போதே காதும் வேலை செய்கிறது. தமிழில் பறை அடிகளுக்கு வாய்மொழிச் சொற்கட்டுகள் இருக்கின்றன. ஆட்டத்துக்கு ஒன்று, சாமி வரவுக்கு ஒன்று, சாவுக்கு ஒன்று என்று அடிகள் வகை வகையாக உண்டு. அவற்றை வாயால் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர்களும் இந்த மாவட்டங்களில் இருக்கிறார்கள். ‘தெருக்குரல்’ பாட்டுகளையும் இன்குலாபின் மேடைப் பாட்டுகளையும் இடப்பக்கத்தில் சொல்லும் வலப்பக்கத்தில் அடியின் சொற்கட்டுமாக ஒரு பதிப்பாளர் அச்சிட முன்வந்தால், பேராசிரியர் ஒருவரும் பறை ஆசிரியர் ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்து பதிப்பிக்க வேண்டிய முதல் தமிழ்ப் புத்தகமாக அது இருக்கும். முகப்பில் இருவர் பெயரையும் ஒரே அளவு எழுத்தில் போட வேண்டியிருக்கும்.